எறும்பைக் கேட்டீர்களா?

எங்கள் அக்காவைப் பற்றி எழுதுபவர்கள் அவள் வாங்கிய பட்டத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவளை இந்தக் கதிக்கு ஆளாக்கியது அதுதான்.

நான் எலக்ட்ரீஷியன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை என்னைப் பார்க்கும், நான் ஜன்னலைப் பார்ப்பேன். எத்தனை வருடம்தான் இப்படியே குடித்தனம் நடத்துவது என்று இருவரும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். என் பங்குக்கும் சேர்த்து அக்கா படித்தாள். எங்கள் வீட்டில் படிப்பு மொத்தம் இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்த மாதிரி, முழுவதையும் அவளே வழித்துச் சாப்பிட்டுவிட்டாள். எனக்குப் பாத்திரம்கூட மிஞ்சவில்லை.

படித்து முடித்து ஒரு கல்லூரியில் விலங்கியல் டீச்சர் ஆனாள். பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்துக்கும் அப்பால் இருக்கிறது அந்தக் கல்லூரி. பெயரைச் சொன்னால் "எது?" என்று கேட்பார்கள். இன்னொரு தடவை சொன்னால் "ஓ" என்பார்கள். அந்த "ஓ"வில் இருக்கிற இரக்கத்தை ஒரு வாளியில் பிடித்தால் தெருவுக்கே தண்ணீர் தெளிக்கலாம்.

ஒரு நாள் அவள் வீட்டில் பழைய ஸ்விட்ச் போர்டைக் கழற்றினேன். உள்ளே எறும்பு. சும்மா நாலைந்து இல்லை, முட்டை, குஞ்சு, மாமனார், மாமியார் என்று ஒரு கல்யாண மண்டபமே இருந்தது. மருந்து அடிக்கக் கையைத் தூக்கினேன். அக்கா மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"டேய், நில்லு. இதுங்க எதுக்குடா இங்க வந்துச்சு?"

"வாடகை கம்மின்னு வந்திருக்கும். மூடிட்டு வேலையப் பாரு."

அவள் வேலையைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எறும்பைத்தான் பார்த்தாள். என்னையும் விடவில்லை. எந்த வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனாலும் என் பையில் டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர் இவற்றோடு மூடி போட்ட பாட்டில்களும் இருக்கும். பெட்டியைத் திறப்பேன், எறும்பு இருந்தால் தூரிகையால் தள்ளி பாட்டிலில் அடைப்பேன், மேலே எந்த வீடு, எந்தப் பெட்டி என்று எழுதி ஒட்டுவேன். வீட்டுக்காரர்கள் நான் ஏதோ சூனியம் வைக்க வந்தவன் என்று குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்வார்கள்.

அக்காவுக்கு ஆராய்ச்சி அறை என்று கல்லூரி கொடுத்தது மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கும்போதெல்லாம் அக்காவின் தலையில் காரை உதிரும். தலைமுடி நரைக்க ஆரம்பித்ததுகூட அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது, சுண்ணாம்பு என்று தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பொந்தில் நான் கொடுத்த பழைய ஸ்விட்ச் பெட்டிகளுக்கு ஒரு பக்கம் கண்ணாடி வைத்து, வரிசையாக எறும்புகளைக் குடிவைத்தாள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர். வார்த்தையை ரேஷனில் வாங்குகிற மாதிரி பேசுவார். இந்த எறும்பு விஷயத்தில் அவர் சொன்னது ஒரே ஒரு புகார்தான். வீட்டுச் சர்க்கரையில் பாதி காலேஜுக்குப் போகிறது என்றார். மறுநாளே இரண்டு டப்பா வாங்கி வந்து, ஒன்றின் மேல் 'மனுஷங்க' என்று எழுதி வைத்துவிட்டார்.

சில வருடம் பார்த்துவிட்டு அக்கா ஒரு கட்டுரை எழுதினாள். கரண்ட் ஓடுகிற பெட்டியின் கதகதப்புக்குத்தான் எறும்பு வருகிறது என்பது அவள் கண்டுபிடிப்பு.

இங்கே அவர்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கதை புரியாது. ஆராய்ச்சிக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினால் உடனே போட்டுவிட மாட்டார்கள். அதே துறையில் இருக்கிற இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, இது தேறுமா என்று கேட்பார்கள். படிக்கிறவர்களுக்கு எழுதியவர் பெயர், கல்லூரி எல்லாம் தெரியும். எழுதியவருக்கு மட்டும் படித்தது யார் என்று தெரியாது. கண்ணாமூச்சி விளையாட்டில் ஓடுகிறவன் கண்ணைக் கட்டிவிட்டு, பிடிக்கிறவன் கண்ணைத் திறந்துவிட்ட மாதிரி. பணம் கேட்டு விண்ணப்பம் போட்டாலும் இதே ஏற்பாடுதான். படித்துக் கருத்து எழுதியது யார் என்று கேட்கவும் கூடாது, அவராகச் சொல்லவும் கூடாது.

அக்காவின் கட்டுரையை இரண்டு பேர் படித்தார்கள். ஒருவர் எழுதியது பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அடங்கிவிடும். இப்படிப்பட்ட கல்லூரியில் இதுபோன்ற ஆய்வு செய்ய வசதி இருக்குமா என்பது சந்தேகம், ஆகவே முடிவுகளை நம்புவது கடினம். அவ்வளவுதான். அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். மாமா கரண்டியோடு வந்து நின்று கேட்டார்.

"எறும்பப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"

ஆமாம், சொல்லவில்லை. கல்லூரியின் பெயரைப் பார்த்தவர் அதற்குமேல் புரட்டவே இல்லை போலிருக்கிறது.

இன்னொருவர் எழுதியது எதிர்மாறு. அதை விரித்தால் எங்கள் தெருவுக்குப் பந்தல் போடலாம். முழுக்கக் கேள்வி. அக்கா இரவும் பகலும் மெனக்கெட்டதை ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார் அந்த மனுஷன். கல்லூரியைப் பற்றி ஒரு வரி கிடையாது. கரண்ட் இருக்கிற பெட்டியைத்தான் திறந்திருக்கிறீர்கள், கரண்ட் இல்லாத பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே இப்படி ஒரு வரி: 'எறும்பைக் கேட்டீர்களா, அல்லது உங்களையே கேட்டுக்கொண்டீர்களா?' கடைசியில், இது செய்யத் தகுந்த வேலை, கேள்விகளுக்கு விடை கிடைத்தால் அவசியம் வெளியிட வேண்டும் என்று முடித்திருந்தார்.

அக்கா முதல் தடவை படித்தபோது அழுதாள். இரண்டாம் தடவை சிரித்தாள். மூன்றாம் தடவை என்னைக் கூப்பிட்டாள்.

"செத்த பெட்டி வேணும்டா. கரண்ட்டே ஏறாத பெட்டி."

அதன்பிறகு நான் பட்ட பாட்டைத் தனிப் புத்தகமாகப் போடலாம். ஆளில்லாத வீடு, கட்டி முடித்து இன்னும் லைன் வாங்காத கட்டடம், மூடிப்போன சினிமாத் தியேட்டர் என்று ஊரில் இருக்கிற இருட்டையெல்லாம் நான்தான் திறந்தேன். தியேட்டரில் வாட்ச்மேன் பிடித்துவிட்டார். வயர் திருட வந்தேன் என்று நினைத்தவர், பையைக் கொட்டிப் பார்த்தார். பாட்டில் பாட்டிலாக எறும்பு. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக, வீட்டில் யாராவது பெரியவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் நம்பரைக் கொடு என்றார். வாழ்க்கையில் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசிய வாட்ச்மேன் வேறு யாருமில்லை.

விடை வந்தது. செத்த பெட்டியிலும் எறும்பு இருந்தது, கதகதப்பான பெட்டியில் இருக்கிற அதே அளவு. அக்காவின் கண்டுபிடிப்பு பொசுக்கென்று போய்விட்டது. பொந்துக்குள் உட்கார்ந்து தலையில் காரை விழுவதுகூடத் தெரியாமல் இருந்தாள். எனக்கு அந்த நீளக் கேள்விக்காரர் மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவள் திரும்பவும் பாட்டில்களை எடுத்து எண்ண ஆரம்பித்தாள். செத்த எறும்புக் குவியல் கரண்ட் ஓடுகிற பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தாள். உள்ளே ஒன்று ஷாக் அடித்துச் சாகிறது. சாகும்போது விடுகிற வாசனைக்கு மற்றதெல்லாம் ஓடி வருகிறது. வந்ததும் சாகிறது. அந்தக் குவியல்தான் ஸ்விட்சையே அடைத்துக் கெடுக்கிறது. குடிவருவதற்குக் காரணம் இருட்டு, கூட்டமாகச் சாவதற்குக் காரணம் கரண்ட். முதலில் எழுதியதைவிட இது பத்து மடங்கு பெரிய விஷயம் என்றாள். பத்திரிகை அதைப் போட்டது.

எங்கள் வீட்டில் அந்த வரி அப்படியே ஒட்டிக்கொண்டது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று மாமா சொன்னால், "எறும்பைக் கேட்டீங்களா?" என்போம். நான் மழை வராது என்றால் அக்கா அதையே திருப்பிக் கேட்பாள்.

அந்த மனுஷனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. யாரென்று தெரியாதவருக்கு எப்படிச் சொல்வது? எனவே நாங்கள் உட்கார்ந்து ஊகித்தோம். அந்தத் துறையில் பெரிய கைகள் இரண்டே பேர். இருவரையும் நாங்கள் ஒரு கருத்தரங்கில் பார்த்திருந்தோம். அக்காவுக்குக் கழிவறைக்குப் போகும் வழியில் சுவர் ஒதுக்கியிருந்தார்கள், அங்கே படங்களை ஒட்டிவிட்டு நின்றாள். நான் எறும்புப் பெட்டிக்குக் காவல்.

முதலில் வந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சர்க்கரை'. வாய் நிறையச் சிரிப்பு. மேடையில் அவர் பேசினால் நாற்காலிகளே சிரிக்கும். அக்காவிடம் "பிரமாதம்மா, பிரமாதம்" என்றார், நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், படத்தைத் திரும்பிப் பார்க்காமலே போனார். அடுத்தவர் 'விளக்கெண்ணெய்'. பிறந்த அன்று வாயில் ஊற்றிய விளக்கெண்ணெயை இன்னும் விழுங்காத முகம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வழியை அடைத்தபடி, ஒவ்வொரு வரியாக வாசித்தார். அவசரமாகப் போக வேண்டியவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்.

"பெட்டியெல்லாம் நீங்களே தொறந்ததா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் தொறந்தது சார்."

என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். போய்விட்டார்.

இதற்கு மேல் சாட்சி எதற்கு? நீளமாக, கிண்டலாக எழுதிக் கரையேற்றியவர் சர்க்கரை. கல்லூரி பெயரைப் பார்த்துக் கழித்துவிட்டவர் விளக்கெண்ணெய். எங்கள் வீட்டுக் கோர்ட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது, மேல்முறையீடு கிடையாது. சாப்பாடு நன்றாக அமைந்த நாளில் மாமா சர்க்கரையை நினைத்துக்கொள்வார். கரண்ட் போனால், பால் திரிந்தால், பஸ் வராவிட்டால் விளக்கெண்ணெய்க்கு விழும். அந்தக் காலத்தில் அவருக்கு விக்கல் நின்றிருக்கவே முடியாது.

கட்டுரை வந்ததே தவிர, ஆராய்ச்சிக்குப் பணம் வரவில்லை. அக்கா போட்ட விண்ணப்பமெல்லாம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு திரும்பி வந்தது. 'வசதி போதாது.' வசதி செய்யத்தானே பணம் கேட்கிறோம்? முதலில் நீச்சல் கற்றுக்கொண்டு வா, அப்புறம் தண்ணீரில் இறங்கு என்கிற மாதிரி இருந்தது. அதே சமயம் ஒரு பெரிய நிறுவனத்தில் எறும்புக்கு ஏசி அறை கட்டினார்கள். எங்கள் அக்காவுக்கு ஃபேனே நான் பழைய இரும்புக் கடையிலிருந்து தேடி மாட்டியது. அது சுற்றுவதைவிட அழுவதுதான் அதிகம்.

அப்போதுதான் பிரின்சிபால் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, இடம் இல்லாதவர். பந்து, வலை, கம்பம் எல்லாம் வராந்தாவில் மழையில் நனைகிறது. அடுத்த வருடம் தொடங்குவதற்குள் ஆராய்ச்சிப் பணம் வந்தால் படிக்கட்டு அறை அக்காவுக்கு, இல்லையென்றால் விளையாட்டுச் சாமானுக்கு என்று சொல்லிவிட்டார். அந்த எறும்புகளைத் தூக்கிக்கொண்டு போக வேறு இடமில்லை. வருடக்கணக்காக வளர்த்த கூடுகள், இடம் மாற்றினால் பாதி செத்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்றால் மாமா இன்னொரு டப்பாவில் 'மனுஷங்க' என்று எழுதி எங்களை அதில் போட்டு மூடிவிடுவார். இந்த ஒரு விண்ணப்பம்தான் மிச்சம். இது போனால் அக்கா வகுப்பு எடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிற வெறும் டீச்சர். அவளுக்கு அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கரண்ட் கட்டான வீட்டில் நிற்கிற மாதிரி.

அந்த விண்ணப்பத்தில் இரண்டு கட்டம் உண்டு. இதைப் படித்துச் சொல்ல யார் தகுந்தவர் என்று ஒன்று. யாருக்கு அனுப்பக் கூடாது, ஏன் என்று இன்னொன்று. எனக்கு அதைப் பார்த்ததும் ஒரே கும்மாளம். கல்யாணப் பத்திரிகை யாருக்குப் போகணும், யாருக்குப் போகக் கூடாது என்று சர்க்காரே கேட்கிற மாதிரி இருந்தது.

நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள். தகுந்தவர் கட்டத்தில் சர்க்கரை. கூடாது கட்டத்தில் விளக்கெண்ணெய். ஏன் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, 'என் கல்லூரியை வைத்து என் வேலையை எடைபோட்டவர் என்று கருதுகிறேன்' என்று எழுதினாள். மாமாவின் அன்றைய பேச்சு ரேஷன் காலையிலேயே தீர்ந்திருந்தது. விண்ணப்பம் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து என் கான்ட்ராக்டர் என்னை ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார். மாடி முழுக்கப் பழைய போர்டு மாற்றுகிற வேலை. வராந்தாவில் ஏணிமேல் நின்று பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் விளக்கெண்ணெய். எதிரே நல்ல சட்டை போட்ட ஆராய்ச்சி மாணவர். தன்னுடைய மெஷின் எங்கிருந்து வந்தது, அதை வைத்திருப்பவர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள், ஆகவே முடிவு தப்பாக இருக்க முடியாது என்று அந்த மாணவர் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கே நம்பத் தோன்றியது.

விளக்கெண்ணெய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மெஷின் எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல. நீ எறும்பைக் கேட்டியா, இல்ல உன்னையே கேட்டுக்கிட்டியா?"

என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. நானும் விழுந்திருப்பேன், ஏணிதான் விடவில்லை. அதோடு முடியவில்லை.

"ஸ்விட்ச் பெட்டி எறும்பு பத்தி ஒரு டீச்சர் எழுதியிருக்காங்களே, படிச்சியா? கைல ஒரு வசதியும் இல்ல. செத்த பெட்டி ஒவ்வொண்ணாத் தேடித் தொறந்தாங்க. தன்னோட முடிவே தப்புன்னு தானே எழுதுனாங்க. அதப் படிச்சுட்டு வா, அப்புறம் மெஷினப் பத்திப் பேசலாம்."

அன்றைக்கு எந்த வயரை எதில் மாட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு அறையில் லைட் ஸ்விட்சைப் போட்டால் பக்கத்து அறையில் ஃபேன் சுற்றியதாக மறுநாள் கான்ட்ராக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினேன். முடித்ததும் அக்கா கேட்டாள், "அதே வார்த்தையா?"

"ஒரு எழுத்து மாறல. சொல்லும்போது மூஞ்சிகூட அப்படியே, இன்னும் முழுங்கல." அதோடு விட்டிருக்கலாம். எனக்கு நியாயம் உடனே பொங்கிவிட்டது. "அப்ப அந்தக் குட்டைக் காயிதம் சர்க்கரைதான். சிரிச்சே கழுத்தறுத்திருக்கான் பாரு."

"வாய மூடு." அக்கா அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "மறுபடியும் ஆரம்பிக்காத. அது யாருன்னு நமக்குத் தெரியாது. எங் காலேஜ் பேரப் பாத்துக் கழிச்சாங்கன்னு எத்தனை நாள் அழுதிருப்பேன்? நான் என்ன பண்ணேன்? ஒருத்தர் மூஞ்சியப் பாத்துக் கழிச்சேன். அதையும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன்."

பெயரை இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு மாற்றிவிட்டால் என்ன, சர்க்கரையை எடுத்துவிட்டு விளக்கெண்ணெயைத் தகுந்தவராகப் போடலாமே, நம்மைப் புகழ்கிறாரே என்றேன். அறை கைக்கு வந்துவிடும் என்பதுதான் என் கணக்கு. அக்காவும் அதைத்தான் யோசித்திருக்கிறாள், முகத்தில் தெரிந்தது. அப்புறம் மெதுவாக, வேண்டாம் என்று தலையாட்டினாள். நமக்கு நல்லது செய்வார் என்று ஒருவரைப் பிடித்துப் போடுவதும் அதே கோணல்தான், பக்கம்தான் வேறே என்றாள். மாமா அடுப்படியிலிருந்து வந்தார்.

"ரெண்டு கட்டத்தையும் காலியா விடு. மீதிய எறும்பு பாத்துக்கும்."

அந்த மாதத்து ரேஷன் முழுவதையும் அவர் ஒரே மூச்சில் செலவழித்தார்.

காலையில் அக்கா பணம் கொடுக்கிற அலுவலகத்துக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நானும் கேட்டேன். இரண்டு கட்டத்தையும் காலியாக்கச் சொன்னாள். போனை எடுத்த அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. ஆளைச் சேர்க்கத்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள், வேண்டாம் என்றவரை வேண்டாம் என்று சொல்ல வேண்டாம் என்கிறீர்களா என்று அவரே குழம்பிப்போனார். விண்ணப்பம் இன்னும் யாருக்கும் போகவில்லை, மாற்றலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும் என்றார்.

"அவரத் தப்பா நெனச்சுட்டேன்னு எழுதிக்குங்கம்மா" என்றாள் அக்கா.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அதுக்கு இதுல எடமே இல்லீங்க. 'திருத்தம்'னு போட்டுக்கறேன். ஆனா நான் இந்த சீட்டுக்கு வந்ததிலேருந்து இப்படி ஒரு போன் வந்ததில்ல. நல்லது நடக்கட்டும்."

அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

காத்திருந்த நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வருடம் முடிய முடிய, விளையாட்டு மாஸ்டர் டேப்போடு வந்து வாசலை அளந்துவிட்டுப் போனார். கம்பம் உள்ளே நுழையுமா என்று பார்த்தாராம். ரொம்பச் சங்கடப்பட்டுத்தான் அளந்தார். அக்கா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படித்தான்.

முடிவு வந்த அன்று அக்கா கல்லூரியிலிருந்து போன் செய்து, வா என்று மட்டும் சொன்னாள். குரலை வைத்து ஒன்றும் தெரியவில்லை. பாதி மாட்டிய மீட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பொந்துக்குள் மாமாவும் கேன்டீன் ஏப்ரனோடு உட்கார்ந்திருந்தார்.

மூன்று பேர் படித்திருந்தார்கள். ஒருவர், நன்று என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அதே பழைய பாட்டு, சிறிய கல்லூரி, வசதி போதாது. மூன்றாமவருடையது மறுபடியும் ஒரு பந்தல். கேள்விக்கு மேல் கேள்வி, அக்காவின் திட்டத்தில் கால்வாசியை மாற்றி எழுதச் சொல்லியிருந்தார். அதில் ஓர் இடத்தில் அக்கா விரலை வைத்துப் படித்தாள்: 'வசதி போதாது என்பது உண்மை. அதனால்தான் பணம் கேட்கிறார். வசதி இருந்தவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.'

பணம் கொடுக்கிற குழு அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. பணம் உண்டு என்று சொல்லிவிட்டது.

மாமா ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றார். அங்கே வெங்காயம் எதுவும் இல்லை. நான் அந்தப் பந்தலை வாங்கி, எறும்பைக் கேட்டீர்களா என்ற வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவராகவும் இருக்கலாம், வேறு யாரோவாகவும் இருக்கலாம். சர்க்கரையாகக்கூட இருக்கலாம் என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டுத் தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தேடாத. யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

பிரின்சிபால் அவரே வந்து இரண்டாவது சாவியையும் கொடுத்தார். பந்தும் வலையும் எங்கே போயிற்று என்கிறீர்களா? பிரின்சிபால் அறையில் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. போனால் பார்க்கலாம், கோல் போஸ்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது போலவே இருப்பார். பொந்துக்கு நான் புது வயரிங் போட்டேன். அக்கா தலைக்கு மேல் ஒரு தகரமும் அடித்தேன். காரை இப்போது தகரத்தில் விழுந்து தாளம் போடுகிறது.

கொஞ்ச நாளில் கான்ட்ராக்டர் திரும்பவும் அந்த நிறுவனத்துக்கு அனுப்பினார், நான் தாறுமாறாக மாட்டியதைச் சரிசெய்ய. கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள்.

"அவர்கிட்ட வாயத் தொறக்காத. எழுதினது நீங்களான்னு கேக்கக் கூடாது. நன்றின்னும் சொல்லக் கூடாது. அது எங்க தொழில் மரியாதை. புரிஞ்சுதா?"

எனக்கு வாயை மூடுவது என்றால் ஆற்றுக்குக் குறுக்கே கையை வைத்து நிறுத்துகிற மாதிரி. இருந்தாலும் தலையாட்டினேன்.

விளக்கெண்ணெயின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ஃபேன் 'கடக் கடக்' என்று ஊரைக் கூட்டியது. அது என் வேலைப் பட்டியலில் இல்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஃபேனை இறக்கினேன், பேரிங்கைத் துடைத்து எண்ணெய் விட்டேன், தொங்குகிற கம்பியை இறுக்கினேன், ரெகுலேட்டரை மாற்றினேன், இறக்கையை இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி துடைத்தேன். தொண்டைவரைக்கும் பேச்சு வந்து வந்து திரும்பியது. அவர் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறதா என்று காற்றை வைத்துத்தான் தெரிந்தது, அவ்வளவு அமைதி. அந்த அமைதிதான் அவரை நிமிர வைத்தது.

"யாரு சொல்லி செஞ்சே?"

"யாரும் சொல்லல சார்."

"நான் கேக்கவே இல்லையே."

"கேக்கல சார்."

அதே பழைய பார்வை, தலையிலிருந்து கால்வரை. என்னை ஞாபகம் வந்ததா, வரவில்லையா, அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியாது. "பேரு என்ன?" என்றார்.

நான் ஏணியை மடக்கினேன். "பேரு வேணாம் சார். சொல்லக் கூடாதுன்னு வீட்ல சொல்லியிருக்காங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பையில் ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு அந்த விளக்கெண்ணெய் முகம் கொஞ்சம்கூட மாறாமல் கேட்டார்:

"ரெகுலேட்டர் சூடாகுதான்னு தொட்டுப் பாத்தியா, இல்ல ஆகாதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. ஏணியைக் கீழே வைத்துவிட்டுத் திறந்தேன். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.